'ஆரா அவா': பொருளையும் வேரையும் தேடும் முறை

எவ்வளவு பெற்றாலும் தணியாத விருப்பத்தை இன்று 'பேராசை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் அச்சொல் விருப்பத்தின் அளவைச் சொல்லுகிறதே தவிர, அதன் நிறையாமையைச் சொல்லவில்லை. நிறையாமையையே அடையாகக் கொண்ட தொடர், திருக்குறளின் 'அவாவறுத்தல்' அதிகாரத்து இறுதிக் குறளில் (370) 'ஆரா இயற்கை அவா' என வருகிறது. அதன் வேரை அறிய விரும்புவோர் அகராதியைத் திறப்பதற்கு முன் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'ஆரா' என்பது 'ஆராத' என்பதன் குறுகிய வடிவம். இலக்கணத்தார் இதனை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பர். எதிர்மறையை நீக்கினால் எஞ்சுவது 'ஆர்' என்னும் பகுதி. இது வழக்கொழிந்த சொல் அன்று: வயிறார உண்டான், கண்ணாரக் கண்டேன், வாயார வாழ்த்தினார் என்று நாம் பேசும்போதெல்லாம், 'நிறையும்படி' என்னும் பொருளில் அதுவே வருகிறது.

இனி அகராதிக்குச் செல்லலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதற்குப் போதும். அங்கே ஆத்தி மரம், சக்கரத்தின் ஆரக்கால், முழங்குதல் என 'ஆர்' பல பொருள்களில் நிற்பதால், முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வினைகளைப் பிரித்தறிய இறந்தகாலத்தில் வைத்துப் பார்ப்பதே எளிய வழி: 'ஆர்ந்தான்' என்றால் நிறைந்தான், உண்டான், 'ஆர்த்தான்' என்றால் முழங்கினான், கட்டினான். நமக்கு வேண்டியது முன்னது.

'அவா'வுக்கு வினை 'அவாவுதல்'. இதன் நுட்பத்தை அகராதியைவிட இலக்கணமே நன்கு காட்டுகிறது என்பது என் கருத்து. ஒரு சொல் தன் பொருள் முடிவதற்கு மற்றொரு சொல்லை வேண்டி நிற்பதை 'அவாய்நிலை' என்பர். 'சாத்தன் கொடுத்தான்' என்றதும் எதை, யாருக்கு என்ற கேள்வி எழுவது அதனால்தான். 'ஆசை'யோ வடமொழி 'ஆசா'விலிருந்து வந்தது. அதன் வேரை இங்கே தேடிப் பயனில்லை.

கடைசியாக, வேறு நூலில் வரும் ஆட்சியோடு ஒப்பிட வேண்டும். குடந்தைப் பெருமாளை நம்மாழ்வார் 'ஆரா அமுதே' என்று அழைக்கிறார். எவ்வளவு பருகினாலும் தெவிட்டாத அமுது என்பது பொருள். வள்ளுவர் துறக்கச் சொன்னதற்கு அடையாக வந்த அதே 'ஆரா' இங்கே புகழாக நிற்பதால், பழிப்பை அச்சொல்லின் மேல் ஏற்றிப் பொருள் எழுதக் கூடாது.