ஸ்ப்ரே கன்னில் பெயிண்ட் வீணாகிறதா? முதலில் காற்றைக் குறையுங்கள்

கார் பெயிண்ட் அடிக்கும்போது பூத் (பெயிண்ட் அடிக்கும் அறை) முழுக்க மூடுபனி மாதிரி நிற்கிறது என்றால், அது காசு கொடுத்து வாங்கிய பெயிண்ட். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், காற்றழுத்தம் அதிகம். பெயிண்ட் நன்றாகத் துளித்துளியாக உடையட்டும் என்று காற்று ரெகுலேட்டரை முறுக்கி வைத்துவிடுகிறோம், வேகமாக வரும் துளிகள் பேனலில் மோதித் திரும்பி வெளியே பறந்துவிடுகின்றன.

பழைய கன்வென்ஷனல் கன்னை 50, 60 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு) வைத்து அடித்தால் கப்பில் ஊற்றியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டிமேல் உட்காரும். எச்விஎல்பி (காற்றின் அளவு அதிகம், அழுத்தம் குறைவு) கன்னில், முன்முனையில் இருக்கும் ஏர் கேப்பிலிருந்து வெளியே வரும் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்குள்தான், அதனால் ஒழுங்காகப் பிடித்தால் 65 சதவீதம் வரை ஒட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேனலில் 350 மில்லி உட்கார வேண்டும், ஒரு கன்னில் 35 சதவீதம்தான் ஒட்டுகிறது என்றால் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும், 65 சதவீதம் ஒட்டும் கன்னுக்கு 540 மில்லி போதும். ஆனால் எச்விஎல்பி வாங்கிவிட்டு அதையும் 50 பிஎஸ்ஐயில் ஓட்டினால் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. இன்னொன்று, இந்தக் கன்னுக்குக் காற்றின் அளவு நிறைய வேண்டும், சின்ன கம்ப்ரஸர் இருப்பவர்கள் எல்விஎல்பி (காற்றின் அளவும் குறைவு, அழுத்தமும் குறைவு) பார்ப்பது நல்லது.

அழுத்தம் எவ்வளவு வைப்பது? கன் கம்பெனி கொடுத்த அளவைப் பாருங்கள், பல எச்விஎல்பி கன்களுக்கு உள்ளே போகும் காற்று 25 முதல் 30 பிஎஸ்ஐக்குள் இருக்கும். கம்ப்ரஸரில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம், ஒல்லியான, நீளமான ஹோஸில் வரும்போதே பாதி குறைந்துவிடும். கன்னின் அடியில் ஒரு கேஜ் போட்டு, ட்ரிகரை அழுத்திப் பிடித்த நிலையில் பார்க்க வேண்டும். அப்புறம் சுவரில் ஒரு பேப்பரை ஒட்டி, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஏற்றி அடித்துப் பாருங்கள். நடுவில் மட்டும் கனமாக விழுந்தால் காற்று போதவில்லை, அல்லது கலவை கெட்டி. இரண்டு முனையிலும் கனம், நடுவில் வெளிறல் என்றால் காற்று அதிகம், அல்லது தின்னர் அதிகம். துளிகள் ஒரே சீராக உடைகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் வீண்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. எச்விஎல்பிக்கு 6 முதல் 8 அங்குல தூரம், கன் பேனலுக்கு நேராக. மணிக்கட்டைச் சுழற்றி விசிறினால் நடுவில் கனமாக விழும், ஓரத்தில் காற்றில் போகும், அதனால் தோளோடு சேர்த்து முழுக் கையையும் நகர்த்துங்கள். கை ஓட ஆரம்பித்த பிறகு, பேனலின் ஓரத்தைத் தொடும்போது ட்ரிகர், அடுத்த ஓரத்தைத் தாண்டியதும் விட்டுவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் ட்ரிகரை விடாமலே திரும்புகிறவர்கள் நிறையப் பேர், ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் தரைக்குத்தான். பில்லர், பம்பர் ஓரம் மாதிரி ஒடுக்கமான இடத்துக்கு ஃபேனை (ஸ்ப்ரே விரியும் அகலத்தை) சுருக்குங்கள், கூடவே பெயிண்ட் திருகையும் குறையுங்கள், இல்லாவிட்டால் வழியும்.

மே மாத மதிய வெயிலில் ஃபாஸ்ட் தின்னர் போட்டு அடித்தால் துளி பேனலுக்குப் போவதற்குள்ளேயே காய்ந்து தூளாகிவிடும். ஸ்லோ தின்னர் போடுங்கள், முடிந்தால் காலையிலேயே அடித்துவிடுங்கள்.

இனி கலக்கும் அளவு. இதில்தான் சத்தமில்லாமல் காசு போகிறது. ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) சேர்த்த 2கே கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) மிஞ்சினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும், தூக்கிப் போடத்தான் வேண்டும். பேஸ் கோட்டில் (கிளியருக்கு அடியில் வரும் நிறப் பூச்சில்) ஹார்ட்னர் இல்லையென்றால் மூடி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் கப்பைத் தராசில் வைத்து எடை எழுதிவையுங்கள், கதவுக்கு இவ்வளவு, பானெட்டுக்கு இவ்வளவு என்று உங்கள் கைக்கு ஏற்ற கணக்கு சீக்கிரமே பிடிபடும். கிளியரை ஒரு கோட்டுக்கு ஒரு கலவையாகக் கலக்குவதும் நல்லது. சிவப்பு, மஞ்சள் நிறங்கள் மறைப்பது கஷ்டம், அவற்றுக்கு அடியில் பொருத்தமான நிறத்தில் பிரைமர் போட்டால் ஒன்றிரண்டு கோட் மிச்சம்.

பெயிண்ட் புகை குறைகிறதே என்று மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க்தான் சரி.

கடைசியாகக் கன் கழுவுவது. கப்பில் ஒட்டியதை முதலில் வழித்து எடுத்துவிட்டால் தின்னர் பாதிதான் ஆகும். நிறையத் தின்னரை ஒரே தடவையில் ஊற்றுவதைவிட, கொஞ்சமாக இரண்டு தடவை ஊற்றினால் நன்றாகப் போகும். கழுவிய தின்னரை மூடிய டின்னில் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம், பெயிண்ட் கலக்க மட்டும் அதை ஊற்ற வேண்டாம்.