ரேக் சர்வருக்கு மின்சாரமும் குளிர்ச்சியும்: முதல்முறை அமைப்பவர்களுக்கு

ரேக் என்ற இரும்புச் சட்டத்தில் அடுக்கும் ரேக் சர்வரின் பின்பக்கம் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும், ஒன்று போனாலும் மற்றது தாங்குவதற்காக. இரண்டையும் ஒரே பிடியூவில் (ரேக்கிலுள்ள கருவிகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிளக் பட்டை) செருகினால் அந்த ஏற்பாடே வீண். முதலில் அதைச் சரிசெய்வோம்.

படி 1: ஒன்றை ஏ லைனிலும் மற்றதை பி லைனிலும் கொடுங்கள். இரண்டும் தனித்தனி யூபிஎஸ், தனித்தனி பிரேக்கரிலிருந்து வர வேண்டும். வயர்களுக்கு இரண்டு நிறம் வைத்தால் பின்னால் குழப்பம் வராது.

படி 2: கணக்கு. இங்கேதான் நிதானம் வேண்டும். 230 வோல்ட், 16 ஆம்பியர் பிடியூ என்றால் 3,680 வாட். அதில் 80 சதவீதம், அதாவது சுமார் 2,940 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சர்வர் 350 வாட் இழுத்தால் எட்டுக்கு 2,800. சரி, அடங்கிவிட்டது. ஆனால் இரண்டு லைனும் பாதிப் பாதி சுமப்பதால் மீட்டர் ஒவ்வொன்றும் 1,400தான் காட்டும். 'இடம் இருக்கிறதே' என்று இன்னும் எட்டு சர்வர் ஏற்றினால் இரண்டிலும் 2,800 காட்டும். அதுவும் வரம்புக்குள்தான் தெரியும். அப்புறம் ஒருநாள் ஏ லைன் போகும். பி-யின் தலையில் 24 ஆம்பியர் விழும், சற்று நேரத்தில் பிரேக்கரும் விழும், மொத்த ரேக்கும் அணைந்துவிடும். இதில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். இரண்டு மீட்டரையும் கூட்டி, அந்தத் தொகை ஒரே லைனில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

படி 3: காற்று. முன்னால் குளிர்காற்று நுழைந்து பின்னால் சூடாக வெளியேற வேண்டும். ரேக்கில் சர்வர் இல்லாத காலி இடங்களை பிளாங்க் பேனல் என்ற வெற்றுத் தகடு போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கச் சூடு அந்த இடைவெளி வழியாகவே முன்னால் வந்துவிடும். 1யூ, அதாவது ரேக்கில் ஒரே அடுக்கு இடம் பிடிக்கும் சர்வரின் உயரம் சுமார் 44 மி.மீ.தான், உள்ளே 40 மி.மீ. விசிறிகள். காற்று சூடானால் அவை வேகமெடுக்கும். வேகம் இரட்டித்தால் மின்செலவு ஏறக்குறைய எட்டு மடங்கு. சர்வரின் முன்முகத்தில், மேல் வரிசையில், ஒரு தெர்மாமீட்டர் ஒட்டுங்கள். 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது.

படி 4: ஏசி. சர்வர் இழுக்கும் வாட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3.5 கிலோவாட். 2,800 வாட்டுக்கு 0.8 டன், அறையின் சூட்டுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: சோதனை. சர்வர்களில் முக்கிய வேலை எதுவும் ஏற்றுவதற்கு முன், முழுச் சுமை கொடுத்து ஏ லைனை அணையுங்கள். அரை மணி நேரம் விட்டு, பி மீட்டரையும் தெர்மாமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ-யைத் திரும்பப் போட்டு, எல்லா பவர் சப்ளையிலும் பச்சை விளக்கு வந்த பிறகே பி-யை அணையுங்கள்.