தூக்கத்துக்குப் பாலா, மரவள்ளிக்கிழங்கா? தட்டில் டிரிப்டோபான் கணக்குப் போடுவது எப்படி

ராத்திரி தூக்கம் வரவில்லையா, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால் குடி, அதில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு துண்டு) இருக்கிறது, அதுதான் மூளையில் தூக்கத்தோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற ரசாயனம் ஆகிறது என்று வாட்ஸாப்பில் வராத வாரம் இல்லை. நானும் நம்பிக் குடித்தவன்தான். பாலில் டிரிப்டோபான் இருப்பது நிஜம். ஆனால் ரத்தத்தில் ஏறுவதெல்லாம் மூளைக்குள் போய்விடாது.

முதலில் வாசலைப் புரிந்துகொள்ளுங்கள். டிரிப்டோபானை மூளைக்குள் ஏற்றிப் போகும் கடத்திப் புரதம் ஒரு ஷேர் ஆட்டோ மாதிரி. லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், ஃபீனைல்அலனின் என்ற மற்ற அமினோ அமிலங்கள் எல்லாம் அதே ஆட்டோவுக்குத்தான் நிற்கின்றன. சாதாரணப் புரதத்தில் டிரிப்டோபான் நூறில் ஒரு பங்கு அளவுதான், இந்தப் போட்டியாளர்கள் எல்லாரும் சேர்ந்தால் ஏறத்தாழ கால் பங்கு. ஆகவே பால், முட்டை, கோழி என்று எதைச் சாப்பிட்டாலும் ஒரு ஆள் ஏற வந்தால் கூடவே இருபது பேர் முண்டியடிக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்ன்ஸ்ட்ராம், வுர்ட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் பார்த்தது இதைத்தான்: புரத உணவு கொடுத்தபோது ரத்தத்தில் டிரிப்டோபான் கூடியது, மூளையில் கூடவில்லை, மாவுச்சத்து கொடுத்தபோது மூளையில் கூடியது.

மாவுச்சத்தில் டிரிப்டோபானே கிடையாதே, அப்புறம் எப்படி? அங்கேதான் இன்சுலின் வருகிறது. அது லியூசின் வகையறாவை ரத்தத்திலிருந்து தசைக்குள் தள்ளிவிடுகிறது. டிரிப்டோபான் மட்டும் பெரும்பாலும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் தப்பிக்கிறது. இன்னொரு விஷயமும் நடக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்: கொழுப்பு அமிலங்களும் ஆல்புமினில்தான் ஒட்டும், இன்சுலின் ஏறினால் கொழுப்புத் திசு அவற்றை வெளியே விடுவதைக் குறைத்துக்கொள்கிறது, காலியான இடத்தில் டிரிப்டோபான் இன்னும் கொஞ்சம் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பிடிப்பு தளர்வானது என்பதால் மூளையின் வாசலில் கழன்று ஏறுவதற்குப் பெரிய தடை இல்லை. போட்டிக்கு ஆள் குறைந்ததால் ஆட்டோவில் இடமும் கிடைக்கிறது.

சரி, கணக்கு. சாப்பாட்டில் உள்ள புரதத்தின் கிராமை நான்கால் பெருக்குங்கள், மொத்தக் கலோரியால் வகுங்கள், நூறால் பெருக்குங்கள். விடை 5 சதவீதத்தைத் தாண்டினால் போட்டியாளர்களோடு ஒப்பிட்ட டிரிப்டோபான் விகிதம் பெரிதாக ஏறாது என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் வெள்ளைச் சோறு 300 கிராமில் சுமார் 390 கலோரி, 8 கிராம் புரதம். கணக்குப் போட்டால் 8 சதவீதம். சோறே தாண்டிவிட்டது, சாம்பாரும் முட்டையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு மூன்றரை சதவீதம் போல வரும். பால் சேர்க்காத ஜவ்வரிசிக் கஞ்சி ஒன்றைக்கூடத் தொடாது. பால் இருபது சதவீதத்துக்குப் பக்கம், அதாவது தூக்கத்துக்குப் பால் என்ற கதை டிரிப்டோபானை வைத்து நிற்காது. (பால் குடித்தால் நிம்மதியாக இருக்கிறதென்றால் தாராளமாகக் குடியுங்கள், காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.)

அப்படியானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவது? அதில் பெரும்பங்கு உடற்கடிகாரத்தின் வேலை, மதியம் இரண்டு மணிவாக்கில் சாப்பிடாதவர்களுக்கும் சோர்வு வரும். ஆனாலும் சோற்றுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியவில்லை. சிட்னியில் 2007இல் வெளியான ஆய்வில், படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பு சர்க்கரையை வேகமாக ஏற்றும் மல்லிகை அரிசிச் சோறு சாப்பிட்ட 12 ஆண்கள் சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினார்கள், மெதுவாக ஏற்றும் நீள அரிசி சாப்பிட்ட நாளில் பதினேழரை நிமிடம் ஆனது. மூளைக்குள் என்ன ஏறியது என்று அதில் பார்க்கவில்லை, ஆகவே டிரிப்டோபான்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

நீங்களே சோதித்துப் பார்க்க நினைத்தால், முந்தைய புரதச் சாப்பாட்டுக்கும் இந்த மாவுச்சத்துச் சாப்பாட்டுக்கும் மூன்று நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பழைய அமினோ அமிலங்கள் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். விளைவைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எதிர்பாருங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஜவ்வரிசிச் சோதனையெல்லாம் செய்யவே வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் லியூசின் வகையறா ரத்தத்திலேயே அதிகமாக நிற்கும், கணக்கும் பொருந்தாது, சர்க்கரைதான் ஏறும்.

இந்த ஆட்டோ விஷயம் உண்மையிலேயே தினமும் உதவுவது பார்க்கின்சன் நோயாளிகளுக்கு. அவர்கள் எடுக்கும் லெவோடோபா மாத்திரையும் இதே வண்டியில்தான் மூளைக்குள் போகிறது. வீட்டில் யாராவது, மத்தியானம் மீனும் பருப்பும் சாப்பிட்ட பிறகு மாத்திரை பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்று சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள். எந்த நேரத்தில் என்ன சாப்பிட்டார், மாத்திரை எப்போது போட்டார், கைகால் எப்போது இறுகியது என்று ஒரு வாரம் குறித்து வைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகத் தள்ளுவதா, புரதத்தில் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றுவதா என்று அவர் பார்த்துச் சொல்வார். நீங்களாக மாற்றாதீர்கள், பயந்துபோய்ப் புரதத்தை அடியோடு நிறுத்தவும் செய்யாதீர்கள்.