நார்வே பயணம்: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

நார்வேக்குச் செல்பவர்களில் பலர் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, விடுப்பு கிடைக்கிற மாதத்தில் அதைத் திணிக்கப் பார்க்கிறார்கள். அந்நாட்டில் எந்தச் சாலை திறந்திருக்கும், எந்த மலையில் ஏறலாம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கும் என்பதையெல்லாம் மாதமே முடிவு செய்கிறது. ஆகவே மாதத்தை உறுதி செய்த பிறகுதான் இடங்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்தத் தவறு மிகுந்த ஏமாற்றம் தருவது, இரவு வானில் வண்ணத் திரைபோல் அசையும் துருவ ஒளியின் விஷயத்தில்தான். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள ட்ரோம்ஸோ நகரம் அதற்குப் பெயர் பெற்றது என்று கேள்விப்பட்டு, பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூன் மாதத்தில் அங்கே போய் இறங்குகிறவர்கள் உண்டு. மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. வானத்தில் துருவ ஒளி எழுந்தாலும் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. அதற்கு ஏற்ற காலம் செப்டம்பர் முதல் மார்ச் இறுதி வரையாகும். அந்தக் காலத்திலும் ஒரே ஓர் இரவை மட்டும் ஒதுக்குவது சூதாட்டம்தான், ஏனெனில் கடலோரமான அப்பகுதியில் மேகம் கவிந்துவிட்டால் எதுவும் தெரியாது. உள்ளூர் வழிகாட்டிகள் தெளிந்த வானத்தைத் தேடிப் பின்லாந்து எல்லை வரைகூட வண்டியை ஓட்டிச் செல்வதுண்டு. மூன்று, நான்கு இரவுகளாவது தங்கும்படி திட்டமிடுவது நல்லது. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை என்றாலும், நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலம் படர்ந்த மங்கிய வெளிச்சம் இருக்கும் என்பதால், நாள் முழுவதும் காரிருள் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த தவறு தூரத்தைப் பற்றியது. வரைபடத்தில் ஒடுங்கித் தெரியும் இந்நாட்டின் தென்முனையான லிண்டஸ்னெஸிலிருந்து வடகோடியில் உள்ள நூர்காப் வரை சாலை வழியே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் தலைநகர் ஆஸ்லோ, மேற்குக் கரையின் பெர்கன், வடக்கே லோஃபோட்டன் தீவுகள், ட்ரோம்ஸோ ஆகிய அனைத்தையும் அடக்க முனைபவர், விமான நிலையங்களைத்தான் நன்றாகப் பார்ப்பார். ஏழு நாள் மட்டுமே இருந்தால் மேற்குக் கரையின் ஃப்யோர்டுகளையோ (செங்குத்து மலைகளுக்கு இடையே கடல் உட்புகுந்த நீண்ட, குறுகிய நீர்ப்பரப்புகள்) வடக்கையோ தேர்ந்தெடுத்து, மற்றதை விட்டுவிடுவதே என் பரிந்துரை. 1909இல் திறக்கப்பட்ட ஆஸ்லோ–பெர்கன் ரயில் பாதையில் பயணம் சுமார் ஏழு மணி நேரம் பிடிக்கிறது. ஹார்தாங்கர் பீடபூமியைக் கடக்கும் அந்தப் பாதையே ஒரு காட்சி என்பதால், அதை வீணாகும் பகல் என்று எண்ணி விமானம் ஏற வேண்டாம்.

கார் வாடகைக்கு எடுப்பவர்கள் கிலோமீட்டர் கணக்கை வைத்து நேரத்தைக் கணிக்கிறார்கள். ஊர்களுக்கு வெளியே பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்தான். மலையும் நீரும் மாறி மாறி வரும் மேற்கில் அந்த வேகமும் எட்டாது. வழியில் படகுத்துறையில் காத்திருக்கவும் நேரும். பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ட்ரோல்ஸ்டீகன் போன்ற மலைச்சாலைகள் குளிர்காலத்தில் மூடப்பட்டுவிடும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். இரத்தத்தில் 0.02 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது என்பதால், ஒரு குவளை பீர் குடித்துவிட்டு ஓட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

உயிருக்கே ஆபத்தாகும் தவறுகள் மலையில்தான் நிகழ்கின்றன. மலை உச்சியிலிருந்து நாக்குப் போல வெளியே நீண்டிருக்கும் ட்ரோல்துங்கா பாறையின் நுனியில் ஒருவர் தனியே நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவருக்குப் பின்னால் தம் முறைக்காகக் காத்திருக்கும் வரிசை அந்தப் படத்தில் இருப்பதில்லை, அங்கே போய்த் திரும்ப நடக்க வேண்டிய தூரமும் தெரிவதில்லை. ஷெக்கெடால் அடிவாரத்திலிருந்து போகவர சுமார் 27 கிலோமீட்டர். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கும் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். பருத்திச் சட்டையும் சாதாரணக் காலணியும் அணிந்து, நண்பகலில் இதைத் தொடங்குகிறவர்கள் மீட்புக் குழுவினருக்கு வேலை வைக்கிறார்கள். நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால் நார்வேக்காரர்கள் கோடையிலும் கம்பளி உள்ளாடையைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சிறுவயதிலிருந்தே கேட்டு வளரும் ஒன்பது மலை விதிகளில் எட்டாவது, காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. காசு செலவழித்து வெகுதூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்பு இருக்கும் பயணிக்குத்தான் அந்த விதியைக் கடைப்பிடிப்பது கடினம்.

இயற்கையில் எவரும் உலவலாம் என்ற உரிமையை 1957ஆம் ஆண்டின் சட்டம் அங்கே உறுதி செய்திருக்கிறது. இதைக் கேட்டு, எங்கும் எதையும் செய்யலாம் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். கூடாரத்தை மக்கள் வசிக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும். உயர்மலைகளும் ஆளரவமற்ற தொலைவிடங்களும் தவிர, ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். விளைநிலத்துக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் இந்த உரிமை பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டக் கூடாது என்பது பொது விதி.

பணத்தைப் பொறுத்தவரை, யூரோவை மாற்றிக்கொண்டு போவது வீண். 1972, 1994 ஆகிய இரு வாக்கெடுப்புகளிலும் ஐரோப்பிய ஒன்றியம் (1972இல் அதன் முன்னோடி அமைப்பு) வேண்டாம் என்று முடிவு செய்த நாடு அது; அங்கே புழங்குவது நார்வே குரோனா. அதையும் நோட்டாகச் சுமக்கத் தேவையில்லை, ஏறக்குறைய எங்கும் அட்டையே போதும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை மறந்து சனி இரவு வெறுங்கையோடு நிற்பது புதியவர்களுக்கு வழக்கமான அனுபவம். 4.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை அரசு நடத்தும் வின்மொனோபோலே கடைகளில் மட்டுமே வாங்க முடியும். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவிட வேண்டாம். குழாய் நீரே நன்றாக இருக்கும்.

ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் நார்வே இருப்பதால் ஷெங்கன் விசா செல்லும். ஆனால் துருவக் கரடிகளின் நாடான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம், நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளது. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு அங்கே போகும் இந்தியப் பயணி, ஆஸ்லோவுக்குத் திரும்பும்போது மீண்டும் நுழைய வழியின்றிச் சிக்கிக்கொள்வார். இருமுறை அல்லது பலமுறை நுழையும் விசாவை விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும்.

வீட்டுக்கு அழைத்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது அங்கேயும் வழக்கம் என்பதால், நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கே ஃபின்மார்க்கில், அப்பகுதியின் பழங்குடியினரான சாமி (Sámi) மக்களைச் சந்திக்கும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. சாலையோரம் மேயும் கலைமான்கள் (ரெயின்டீர்) காட்டு விலங்குகள் அல்ல; ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு, அவற்றின் காதில் அடையாள வெட்டும் இருக்கும். உங்களிடம் எத்தனை கலைமான்கள் இருக்கின்றன என்று ஒரு சாமி இடையரைக் கேட்டுவிடாதீர்கள். அது அவரது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பதற்குச் சமம்.