எவர்சில்வருக்குத் தனி பிரஷ் வையுங்கள்

சேலத்தில் ஒரே பட்டறையில் நான்கைந்து சிற்பிகள் சேர்ந்து வேலை செய்தால் கிரைண்டிங் டிஸ்க்கும் கம்பி பிரஷ்ஷும் கைமாறிக்கொண்டே இருக்கும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) எனப்படும் சாதாரண இரும்பைத் தேய்த்த டிஸ்க்கை எவர்சில்வர் தகட்டில் வைத்தால் இரும்புத் துகள்கள் அதில் பதிந்துவிடும். சில நாட்களில், குறிப்பாக வெல்டிங் தையலை ஒட்டி, செம்புள்ளிகள் கிளம்பும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் நிற்கப்போகும் சிற்பம் என்றால் இன்னும் சீக்கிரம்.

தகட்டைக் குறை சொல்லாதீர்கள். 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது காற்றுபட்டு உண்டாக்கும் மெல்லிய படலம்தான் துருவைத் தடுக்கிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எவர்சில்வருக்கான டிஸ்க், பிரஷ், அரம் எல்லாவற்றுக்கும் நீல வண்ணம் பூசித் தனிப் பெட்டியில் வையுங்கள். பிரஷ்ஷின் கம்பியும் எவர்சில்வராகவே இருக்க வேண்டும். இரும்பு மேசைமேல் பிளைவுட் விரித்துத் தகட்டை வையுங்கள். பக்கத்தில் இரும்பு அறுப்பவரின் பொறி பறந்துவந்து ஒட்டும் என்பதால் நடுவில் தடுப்பு அவசியம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் தகட்டை நனைத்து இரவு முழுவதும் விடுங்கள். துகள் இருந்தால் காலையில் துருப்புள்ளி காட்டிக்கொடுக்கும். கையுறை போட்டு, வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எவர்சில்வரைச் சுத்தம் செய்யக் கடையில் கிடைக்கும் பிக்லிங் பேஸ்ட் என்ற அமிலப் பசையில் பெரும்பாலும் மிக ஆபத்தான ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். பலர் நடமாடும் பட்டறைக்குள் அதைத் திறக்கவே வேண்டாம்.