மெல்பர்ன் செல்லத் தோதான பருவம்

சுங்கை சிப்புட்டிலிருந்து மெல்பர்னுக்குச் செல்ல நினைப்பவர்கள், தீபாவளி விடுமுறையோடு சேர்த்து அங்கத்திய வசந்த காலத்தில் போவதைவிட, ஏப்ரலில், அதாவது அங்கு இலையுதிர் காலம் நடக்கும்போது, போவதே மேல். தென் அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழ் என்பதை நம்மில் பலர் பயணச்சீட்டு வாங்கிய பிறகே நினைத்துப் பார்க்கிறோம். வசந்தத்தில் காலை வெயில், மதியம் சாரல், மாலை குளிர்காற்று என ஒரே நாளில் வானிலை மாறுவதால் குடை கையைவிட்டு இறங்காது. ஏப்ரலிலோ பகல் வெப்பம் சுமார் 20 டிகிரியில் இதமாக இருக்கும், இரவுக்குக் கேமரன் மலைக்கு எடுத்துச்செல்லும் ஸ்வெட்டரோடு உள்ளே இன்னொரு சட்டை போதும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல் மகரந்தம் காற்றில் மிகுந்திருக்கும், 2016 நவம்பர் 21 அன்று இடிமழையோடு பரவிய மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளை நாடினர்.

டூலிப் தோட்டங்களைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்களுக்கு இக்குறிப்பு பொருந்தாது, ஏனெனில் அவை செப்டம்பர், அக்டோபரில்தான் பூக்கும். ஈஸ்டர் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அப்போது உள்ளூர்க்காரர்களும் விடுமுறையில் கிளம்புவதால் விடுதி வாடகை ஏறிவிடும்.