சூப்ரா போடுவது எப்படி? ஒயின்காரர் விருந்துக்கு வரும்போது

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் பலரும் ஒரே கதையைச் சொல்வார்கள். வீட்டுக்காரர் சூப்ராவுக்கு, அதாவது ஜார்ஜிய விருந்துக்கு, கூப்பிட்டார், ஏழு மணிக்கு உட்கார்ந்தோம், எழுந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வருவது சுலபம். நாம் திருப்பிக் கூப்பிட வேண்டிய முறை வரும்போதுதான் முழிக்கிறோம்.

நானும் முழித்தேன். என் முதல் விருந்தில் ஓட்டல் மாதிரி முதலில் சூப் வைத்தேன், குடித்ததும் கிண்ணத்தை எடுத்தேன், அப்புறம் அடுத்த ஐட்டம். வந்தவர்கள் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போதாக்குறைக்குத் தாகமாக இருக்கிறதென்று ஒயினை ஒரு வாய் குடிக்கப் போனேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, கிளாஸை மேசையில் இறக்கி வைத்தார்.

சூப்ரா என்ற சொல்லுக்கு மேசை விரிப்பு என்று பொருள். விரிப்பு கண்ணில் படாத அளவுக்குத் தட்டுகள் நிறைந்திருக்க வேண்டும். கிளாஸைத் தூக்கி ஒருவர் வாழ்த்துச் சொன்ன பிறகுதான் ஒயின் வாய்க்குப் போகும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சமையல்தான். கீழே உள்ள கணக்கு 8 பேருக்கு.

1. ஒரு வாரம் முன்னால்: ஆட்கள்

முதலில் தமதாவைப் பிடியுங்கள். மேசைக்குத் தலைவர் அவர். எந்த வாழ்த்து எப்போது, யார் பேசுவது, எப்போது பாட்டு, எல்லாம் அவர் பொறுப்பு. நிறையக் குடித்தும் நிதானம் தவறாதவர், பேச்சு வளம் உள்ளவர் வேண்டும். உங்கள் ஜார்ஜிய நண்பர்களில் மூத்தவர் ஒருவரைக் கேளுங்கள், சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். ஒயின் தயாரிப்பவரையே தமதா ஆக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தமதா மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டியவர். ஒயின்காரருக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன், ஆறாவது படியில்.

ஒயின்காரரை எங்கே பிடிப்பது? கிழக்கே ககேத்தி மாநிலத்தில், தெலாவி, சிக்நாகி பக்கத்துக் கிராமங்களில், வீட்டுக்கு வீடு ஒயின் போடுகிறார்கள். ஒரு தடவை போய் வாங்கினால் பழக்கம் வந்துவிடும். கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் ‘பத்தோனோ’ சேர்த்துக்கொள்ளுங்கள், நம் ‘ஐயா’ மாதிரி. பெண்ணாக இருந்தால் ‘கல்பத்தோனோ’. அப்படியே இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: விரதமா? ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதன், வெள்ளி விரதம், ஈஸ்டருக்கு முன் நீண்ட தவக்காலம். அந்த நாட்களில் விரதம் இருப்பவர்கள் கறி, பால், முட்டை தொடமாட்டார்கள். கவலை இல்லை, அவர்கள் விரதச் சாப்பாடு நம் சைவச் சாப்பாட்டை விட ஒரு படி மேலே, வெண்ணெய்கூடக் கிடையாது.

2. முந்தின நாள்: வால்நட் விழுது

இந்தப் படியில் அவசரம் கூடாது. நமக்குத் தேங்காய் எப்படியோ, அவர்களுக்கு வால்நட் அப்படி. ஒரே விழுதை அரைத்து வைத்தால் மூன்று பதார்த்தம் முடிந்துவிடும்.

வாங்கும்போது ஒரு பருப்பை வாயில் போட்டுப் பாருங்கள். சிக்கு வாசனை அடித்தால் நகர்ந்துவிடுங்கள். வெளிர் நிறப் பருப்பு விலை கூட, ஆனால் விழுது கறுக்காது. திபிலிசி ரயில் நிலையத்தின் பக்கத்து டெசர்ட்டர் பஜாரில் ருசி பார்க்கக் கொடுத்துத்தான் விற்பார்கள்.

வால்நட் 700 கிராம், பூண்டு 10 பல், மல்லித்தூள் 3 டீஸ்பூன், உட்ஸ்கோ சுனேலி 3 டீஸ்பூன், செண்டுமல்லிப் பூப்பொடி ஒன்றரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், உப்பு. ஆமாம், மாலையில் கோக்கிற அதே செண்டுமல்லி இனம்தான். இதழைக் காயவைத்துப் பொடித்து ‘இமெரெத்திக் குங்குமப்பூ’ என்று விற்கிறார்கள். உட்ஸ்கோ சுனேலி வெந்தயத்துக்குப் பங்காளி, கசப்பு குறைவு. கிடைக்காவிட்டால் கஸூரி மேத்தியைப் பொடித்து அதில் பாதி அளவு போடுங்கள். சாதா வெந்தயத்தூள் போட்டால் கசந்துவிடும்.

மிக்ஸியை ஒரேயடியாக ஓட விடாதீர்கள், விட்டு விட்டு ஓட்டுங்கள். மாவு மாதிரி வந்ததும் கிண்ணத்தில் கொட்டி, மசாலா சேர்த்து, கையால் அழுத்திப் பிசையுங்கள். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கில் பொன்னிறமாக எண்ணெய் கசியும். அந்த எண்ணெயைப் பிழிந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். பரிமாறும்போது மேலே சொட்டு சொட்டாக விடுவதற்கு.

ஃப்காலி: அரைக் கிலோ பசலைக்கீரையை வேகவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழியுங்கள். இரண்டு கையாலும் பிழியுங்கள், தண்ணீர் இருந்தால் உருண்டை நிற்காது. பொடியாக நறுக்கி, விழுதில் 150 கிராம், வெங்காயம், கொத்தமல்லித் தழை, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் சேர்த்துப் பிசைந்து உருட்டி, மேலே மாதுளை முத்து வையுங்கள்.

பட்ரிஜானி: நீளக் கத்தரிக்காயை நீளவாக்கில் அரை சென்டிமீட்டர் துண்டாக அரிந்து, உப்புத் தடவி அரை மணி வைத்து, ஒற்றி எடுத்து, எண்ணெயில் வாட்டுங்கள். 150 கிராம் விழுதைத் தண்ணீரும் வினிகரும் விட்டுத் தளர்த்தி, தடவி, மடித்துவிடுங்கள்.

ஸாட்ஸிவி: ஒன்றரைக் கிலோ கோழியை வேகவைத்து எடுத்து, அதன் கொழுப்பிலேயே இரண்டு வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். மீதி 400 கிராம் விழுதைக் கோழி வெந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, சிட்டிகை பட்டை, கிராம்புப் பொடி போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம். தளதளவென்று கொதிக்க விட்டால் எண்ணெய் தனியே பிரிந்துவிடும். இறக்கிய பிறகு வினிகர், கோழித் துண்டுகள். ஆறியதும் ஃப்ரிட்ஜில். இது சூடாகச் சாப்பிடுகிற குழம்பு இல்லை, பெயரிலேயே குளிர்ச்சி இருக்கிறது. சூடுபடுத்தி வைத்தால் விருந்தாளி முகம் கோணும், நான் பார்த்திருக்கிறேன்.

நம் கை காரத்துக்குப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். துவர்ப்பு உள்ள ஒயினோடு காரம் சேர்ந்தால் இரண்டும் நாக்கை அறுக்கும்.

3. ஒயின் எத்தனை, எதோடு எது

60 மில்லி கொள்கிற சின்னக் கிளாஸ், 12 வாழ்த்து என்று வைத்தால் ஆளுக்கு 720 மில்லி. அதாவது ஒரு பாட்டில். 8 பேருக்கு 8 பாட்டில், கூட இரண்டு. இந்தக் கணக்கைக் கேட்டு ஜார்ஜியர்கள் சிரிப்பார்கள், போகட்டும்.

வால்நட் பதார்த்தங்களுக்கு ஆம்பர் ஒயின். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்து எடுத்தது, நல்லெண்ணெய் நிறத்தில் இருக்கும். தோலிலிருந்து வருகிற துவர்ப்புதான் வால்நட்டின் எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து துடைக்கிறது. மெல்லிசான வெள்ளை ஒயின் அந்தப் பூண்டுக்கு முன்னால் இருந்த இடம் தெரியாது. ர்க்காட்ஸிதேலி, கிஸி என்ற திராட்சை வகைகளில் எதில் போட்டது கிடைத்தாலும் சரி. ஐஸ் மாதிரிக் குளிரவைக்காதீர்கள், துவர்ப்பு முரட்டுத்தனமாகிவிடும். 14, 15 டிகிரி போதும்.

ஹச்சாபுரி என்ற சீஸ் ரொட்டிக்கும் பச்சைத் தழைகளுக்கும் ட்ஸினந்தாலி. ர்க்காட்ஸிதேலியும் ம்ட்ஸ்வானே என்ற இன்னொரு திராட்சையும் கலந்த, ஐரோப்பிய பாணி வெள்ளை ஒயின். கறிக்கும் லோபியோ என்ற ராஜ்மா பதார்த்தத்துக்கும் சபெராவி என்ற சிவப்பு ஒயின். இந்தத் திராட்சையை நறுக்கினால் சதையும் சிவப்பு. பெயருக்கே சாயம் என்று பொருள், விரிப்பில் சிந்தினால் ஏன் என்று புரியும். கின்ட்ஸ்மராவுலி என்ற இனிப்புச் சிவப்பு நம்மவர்களுக்கு உடனே பிடிக்கும். அதைக் கறியோடு வைக்காமல், கடைசியில் சுர்ச்கேலாவோடு வையுங்கள். வால்நட்டை நூலில் கோத்து, மாவு போட்டுக் காய்ச்சிய திராட்சைச் சாறில் முக்கி எடுத்த மிட்டாய் அது. கடையில் தொங்குவதைப் பார்த்தால் மெழுகுவர்த்தி என்றே நினைப்பீர்கள்.

குடிக்காதவர்கள் இருந்தால் டாரகான் இலை போட்ட பச்சை லெமனேடோ மாதுளைச் சாறோ ஊற்றுங்கள். யாரும் வற்புறுத்தினால் தமதாவிடம் சொல்லுங்கள், பார்த்துக்கொள்வார். பீர் மட்டும் ஊற்ற வேண்டாம். பீரைத் தூக்கி வாழ்த்தினால் எதிரியை வாழ்த்துவதாகப் பழைய ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள்.

4. விருந்தன்று காலை

லோபியோ: அரைக் கிலோ ராஜ்மாவை இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, பாதியை மசித்து, வதக்கிய வெங்காயம், பூண்டு, மல்லித்தூள், கை நிறையக் கொத்தமல்லி. தொட்டுக்கொள்ள ம்சாதி, அதாவது மக்காச்சோள மாவை வெந்நீரில் பிசைந்து கல்லில் போட்ட தடித்த அடை.

ஹச்சாபுரியில் இமெரெத்தி வகை ஆரம்பக்காரர்களுக்குச் சுலபம். ஆலு பரோட்டா செய்யத் தெரிந்தால் இதுவும் தெரியும், உருளைக்கிழங்குக்குப் பதில் துருவிய சீஸ். மாவில் ஈஸ்டும் தயிரும் சேர்ப்பார்கள். படகு வடிவத்தில் முட்டை உடைத்து ஊற்றுகிற அஜாரா வகை போட்டோவுக்கு நன்றாக இருக்கும், எட்டுப் பேருக்குச் செய்ய முடியாது.

ம்ட்ஸ்வாடி திராட்சைக் கொடிக் குச்சி நெருப்பில் சுடுகிற பன்றி இறைச்சி. அடுக்குமாடி பால்கனியில் முயற்சி செய்ய வேண்டாம். கறி வேண்டுமென்றால் கடையில் சுட்டு வாங்குங்கள். ஹின்காலியும் அப்படித்தான்; மோதகத்துக்கு அக்கா மாதிரி இருக்கும், மடிப்புப் பிடிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். ஷோட்டி ரொட்டியைத் தெருமுனை மண் அடுப்புக் கடையில், கடைசி நிமிடத்தில், சூடாக.

5. மேசை

ஆறின பதார்த்தம் எல்லாவற்றையும் ஆட்கள் வருமுன்னே வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தட்டாகப் பிரித்து, மேசையின் இரு பக்கமும். சூடான தட்டு வரும்போது இடம் இல்லையா? இருக்கிற தட்டுகளின் விளிம்பு மேலேயே வையுங்கள். அப்படி அடுக்குவதுதான் வழக்கம். காலித் தட்டை எடுக்கிற ஆசை வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

6. உட்காரும் முன் அரை மணி: ஒயின்காரரின் நேரம்

இதை நான் மூன்றாவது விருந்தில்தான் கற்றுக்கொண்டேன். உட்கார்ந்த பிறகு ‘இதில் என்ன வாசனை வருகிறது’ என்று பேச இடமே இருக்காது, அங்கே பேச்செல்லாம் மனிதர்களைப் பற்றி. அதனால் நின்றபடி, ரொட்டியும் சீஸும் மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் அவர் ஒயினை ருசியுங்கள். அவர் கொண்டுவருவது பழைய தண்ணீர் பாட்டிலில் இருக்கலாம். லேபிள் பாதி கிழிந்திருக்கும். அதைக் கூஜாவில் ஊற்றி மரியாதையாக வையுங்கள்.

மூன்று கேள்வி கேட்டால் போதும். எந்தத் திராட்சை? க்வெவ்ரியில் தோலோடு எத்தனை மாதம்? எப்போது திறந்தீர்கள்?

க்வெவ்ரி என்பது முட்டை வடிவ மண்தாழி. உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். ககேத்தி முறையில் சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் உள்ளே போகும். நொதிக்கும்போது மேலே எழும்பி வருகிற தோலைத் தினமும் பல தடவை குச்சியால் அமுக்கிவிட வேண்டும். அடங்கியதும் மூடி முத்திரை வைத்து, வசந்தத்தில் திறப்பார்கள். ஐந்தாறு மாதம் என்று அவர் சொன்னால், நிறம் ஏன் அப்படி என்று கிளாஸைப் பார்த்தாலே தெரியும். மேற்கே இமெரெத்தியில் காம்பு போடுவதில்லை, தோலும் கொஞ்சம்தான். அங்கத்து ஒயின் இளசாக இருக்கும். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை உலகின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே தோண்டியெடுத்த, கி.மு. 6000 வாக்கிலான பானை ஓடுகளில் ஒயின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வு வெளியானது. இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவரே சொல்வார், 8000 வருஷம் என்று, தன் தாத்தா போட்டது மாதிரி.

7. வாழ்த்துகள்

பெரும்பாலும் கடவுளுக்கும் சமாதானத்துக்கும் முதல் வாழ்த்து. அப்புறம் நாடு, விருந்தின் காரணம், பெற்றோர், நண்பர்கள் என்று தமதா கொண்டுபோவார், வரிசை வீட்டுக்கு வீடு மாறும். அவர் முடிக்கும்வரை சாப்பிடுவதையும் நிறுத்துங்கள். முடித்ததும் எல்லாரும் ‘கௌமார்ஜோஸ்’ என்பார்கள். ‘அலவெர்தி’ என்று உங்கள் பக்கம் கையைக் காட்டினால் அதே விஷயத்தை நீங்கள் தொடர வேண்டும். அம்மாவைப் பற்றி என்றால் உங்கள் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை. தமிழில் சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார்கள், யாராவது மொழிபெயர்த்தால் போதும்.

இறந்தவர்களுக்கு ஒரு வாழ்த்து வரும். அன்று ஒயின்காரர் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, தன் கிளாஸிலிருந்து நாலு சொட்டு அதன் மேல் விட்டார். வெள்ளை ரொட்டியில் சபெராவி பரவுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உடனே தமதா குழந்தைகளுக்கு வாழ்த்துச் சொன்னார். அந்த இரண்டுக்கும் நடுவில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

கடைசிக்குச் சற்று முன்னால் தமதாவுக்கே ஒரு வாழ்த்து, அதை வீட்டுக்காரரான நீங்கள் சொல்வது நல்லது. முன்கூட்டியே இரண்டு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் தானாக ஒன்றும் வராது.

மீந்த ஸாட்ஸிவி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். காலி பாட்டில்களை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஒயின்காரர் வாசலில் செருப்பு மாட்டும்போது அதைத்தான் கேட்டார், பையில் போட்டுக்கொண்டு, செப்டம்பர் கடைசியில் திராட்சை பறிக்க ஆள் வேண்டும், வந்துவிடு என்றார்.